காசு கேட்காத சோற்றுக் கொட்டகை

பழவேற்காட்டுக் கோட்டைக்கு வெளியே எங்கே போனால் வயிற்றுக்கு என்ன கிடைக்கும் என்பது ஒன்பது வயதிலேயே எனக்கு அத்துப்படி. கோட்டைக்குள் ஒல்லாந்தர் மேசை போட்டுத் தின்றதைப் பற்றி எனக்கென்ன கவலை. பள்ளிவாசல் தெருவில் ஒரு மரைக்காயர் வீட்டம்மா வாசலில் சட்டி வைத்து ஆட்டுக்கால் சாறு ஊற்றுவாள். நெசவுத் தெருக் கடைசியில் கம்பங்கூழும், தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடும் கிடைக்கும். கள்ளுக்கடைக்குப் பின்புறம் ஒருவன் பொடி நண்டுகளைச் சுட்டு ஓலைத் தொன்னையில் கொடுப்பான். அதை வாங்கக் கள் குடித்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கோட்டையின் பின்வாசலில் சமையல்காரன் யாருக்கும் தெரியாமல் விற்கும் காய்ந்த ரொட்டியும் உண்டு. அதைச் சாற்றில் ஊறவைக்காமல் கடித்தால் பல் கையோடு வந்துவிடும். துறையில் புதிதாக இறங்குகிற எவராவது "பசிக்குது" என்று வாயைத் திறந்தால் போதும், நான் முன்னால் நடக்க ஆரம்பித்துவிடுவேன். வாயைத் திறக்காவிட்டாலும் நடப்பேன்.

இந்தப் பட்டியலில் அத்தையின் கடையை மட்டும் நான் சேர்ப்பதில்லை. அத்தை நைனாவுக்கு, என் அப்பாவுக்கு, அக்கா. புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு எங்கள் வீட்டோடு இருந்தாள். எங்கள் குப்பம் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கிற மணல் திட்டில் இருந்தது. விடிந்ததும் அத்தை தோணியில் ஏரியைத் தாண்டி ஊர்ப்பக்கம் வருவாள். துறையோரப் பனைமரத்தடியில் கேழ்வரகுக் கூழும் மடவை மீன் குழம்பும் விற்பாள். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவாள். அம்மாவுக்குக் கைக்குழந்தை இருந்ததால், என்னை வீட்டில் விட்டால் தொல்லை என்று என்னையும் இழுத்துக்கொண்டு வருவாள். கூழ் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கூழோடு அவள் வாயையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். "இன்னா, வேடிக்கை பாத்துகினு நிக்கிற? துன்னுட்டு எடத்தைக் காலி பண்ணு" என்பாள். வந்தவர்களை அந்த வாய்க்குப் பலி கொடுக்க எனக்கு மனசு வராது.

நான் சொல்லப்போவது மழை இரண்டு வருஷம் சேர்ந்தாற்போலப் பொய்த்த காலம். காட்டூர்ப் பக்கமிருந்தும் திருப்பாலைவனத்துப் பக்கமிருந்தும் ஜனங்கள் ஏரியைப் பார்த்து நடந்து வந்தார்கள். நெல் விளைக்கிறவர்கள். வயல் வெடித்துக் கிடந்தாலும் ஏரியில் மீன் இருக்கும், அள்ளித் தின்று பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்பி வந்தார்கள். ஆனால் ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதற்கு எங்கள் ஆட்கள் முறை வைத்திருந்தார்கள். அந்த முறையில் வெளியாளுக்கு இடம் கிடையாது. கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பட்டினி கிடந்தார்கள். ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் இடுப்பில் துணி முடிச்சு ஒன்று இருக்கும். அதில் விதைநெல். செத்தாலும் அதைத் தின்னமாட்டார்கள். மழை வந்தால் திரும்பிப்போய் விதைக்க வேண்டுமே.

அந்தச் சமயத்தில்தான் கொட்டகை வந்தது. ஊரைத் தாண்டி, ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தையும் தாண்டி, உப்பளம் முடிகிற இடத்தில், ஓடைக்கரையில். அங்கே அரிசிச் சோறு போட்டார்கள். அரிசி! அதோடு புளியும் மிளகும் போட்ட இறால் குழம்பு. காசு கேட்பதில்லை. சாதி கேட்பதில்லை. எந்த ஊர் என்றுகூடக் கேட்பதில்லை. எனக்குத் தெரிந்த இடங்களிலேயே இதுதான் உசத்தி, இதுதான் யாருக்கும் அதிகம் தெரியாதது. என் பெருமையைக் கேட்கவா வேண்டும்.

பரிமாறுகிறவரை நான் சோத்து மாமா என்று கூப்பிட்டேன். வெள்ளை வேட்டி, குளித்து வாரிய குடுமி, மெத்தென்ற குரல். "வா தாயீ. மொதல்ல தண்ணி குடி. அவசரமா துன்னாதே, வயிறு தாங்காது" என்று ஒவ்வொருவரிடமும் சொல்வார். அம்மாகூட என்னிடம் அப்படிப் பேசியதில்லை. நான் ஆட்களை அழைத்துப்போகும்போதெல்லாம் என் உள்ளங்கையில் ஒரு துண்டு பனைவெல்லம் வைப்பார்.

ஆனாலும் அந்த இடத்தில் எனக்கு முதுகு சில்லிடும். பட்டப்பகலில்தான். கல்லறைத் தோட்டத்து வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்பு மனுஷர்கள் நிற்பார்கள். அவர்களைத் தாண்டும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு ஓடுவேன். அது பழகிய பயம். கொட்டகைக்குள் இருந்தது வேறு. அங்கே யாரும் பேசமாட்டார்கள். அத்தை கடையில் நாலு பேர் சாப்பிட்டால் நாற்பது பேர் சத்தம் கேட்கும். இங்கே ஐம்பது பேர் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டாலும் இலையில் கை உரசுகிற ஓசை மட்டும்தான். சாப்பிட்டு முடித்ததும் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார்கள். கண்கள் பாதி திறந்திருக்கும். நேற்றுப் பார்த்த முகம் ஒன்றுகூட இன்றைக்கு இருக்காது. எல்லாம் புது முகம். இலை மட்டும் அதே வரிசையில் கிடக்கும்.

இன்னொன்றையும் கவனித்தேன். கல்லறையிலிருந்து கொட்டகைக்குப் போகிற மணல் பாதையில் காலடித் தடங்கள் நிறைய இருக்கும். எல்லாம் போகிற தடம். திரும்பி வருகிற தடம் ஒன்றே ஒன்றுதான். சின்னக் கால். என்னுடையது.

"நேத்து துன்னவங்க எங்க மாமா?" என்று கேட்டேன்.

"வயிறு ரொம்பிச்சி, போயிட்டாங்க. ஓடைப் பக்கம் வேற வழி கீது பாப்பா."

அத்தையிடம் சொன்னபோது அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள். "அங்க துன்னவங்க திரும்ப வர மாட்டாங்கடி. நீ ஒருத்தரையும் அந்தப் பக்கம் இட்டுகினு போவாத. போனேனா தோலை உரிச்சிடுவேன்" என்றாள். எனக்கு இரண்டு விஷயம் விளங்கியது. ஒன்று, அத்தைக்கு வயிற்றெரிச்சல். வாடிக்கை எல்லாம் அங்கே போகிறதே என்று. இரண்டு, அங்கே சாப்பிடுகிறவர்கள் உயிரோடு இருக்கிறவர்கள் இல்லை. பேய்களுக்கு யாரோ புண்ணியவான் சோறு போடுகிறார். அதனால்தான் பேச்சில்லை, அதனால்தான் திரும்பிய தடமில்லை. இது பிடிபட்ட பிறகு பயம் இரண்டு பங்காகியது. போவதையும் நான் நிறுத்தவில்லை. வெல்லம் வெல்லம்தானே.

குப்புவை முதலில் பார்த்தபோது அவள் காலைத்தான் பார்த்தேன். காட்டூர்க்காரி. என் வயதுதான். அவளும் அவள் அம்மாவும் துறையில் அத்தை கடைக்கு எதிரே வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா பாக்கற?" என்றாள்.

"கால் தரையில படுதானு."

அவள் எழுந்து இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தரையில் ஓங்கி மிதித்துக் காட்டினாள். புழுதி கிளம்பி அத்தையின் கூழ்ப் பானையில் விழுந்தது. அத்தை கத்திய கத்தலில் நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அவ்வளவுதான், சிநேகிதம் ஆகிவிட்டது. அவளுக்கு முன்னால் பிறந்த மூன்றும் போய்விட்டதால், எமன் கண்ணில் படக்கூடாது என்று குப்பைமேட்டில் போட்டு எடுத்துக் குப்பு என்று பேர் வைத்தார்களாம். இதை ஏதோ பட்டம் கட்டியதைப்போலப் பெருமையாகச் சொன்னாள்.

அத்தை அன்றைக்குக் காசு வாங்காமல் இருவருக்கும் கூழ் ஊற்றினாள். மறுநாளும் ஊற்றினாள். திட்டிக்கொண்டேதான் ஊற்றினாள். மூன்றாம் நாள் பானை காலி. கேழ்வரகு கிடைக்கவில்லை. "இன்னிக்கு ஒண்ணும் இல்ல. ஆனா கொட்டகைக்குப் போவாதீங்க, சொல்லிட்டேன். நாளைக்கு எப்பிடியாச்சும் பாக்கறேன்" என்று குப்புவின் அம்மாவிடம் சொல்லிவிட்டு, மீன் வாங்க அடுத்த துறைக்குப் போனாள். குப்பு மணலைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்த பிறகு எப்படி உட்கார்ந்திருப்பது? "வாங்க, நான் ஒரு எடம் காட்டறேன்" என்று எழுந்தேன். எலும்பு மனுஷர்களைத் தாண்டும்போது குப்புவின் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கச் சொல்லிக்கொடுத்தேன்.

அன்றைக்குக் கொட்டகையில் இரண்டு புது விஷயங்கள் இருந்தன. சுற்றிலும் பனையோலை வேலி எழுப்பியிருந்தார்கள். சாப்பிட்டவர்கள் மணிக்கட்டில் சோத்து மாமாவே ஒரு மஞ்சள் கயிறு கட்டினார். சிலர் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு ஓடைப் பக்கமாக நழுவி விடுகிறார்களாம், அடையாளத்துக்காம். எனக்கு மயிர் கூச்செறிந்தது. எங்கள் குப்பத்தில் மஞ்சள் கயிறு என்றால் அம்மன் காப்பு. திருவிழாவுக்குக் கொடி ஏறியதும் ஊரில் எல்லோர் கையிலும் கட்டுவார்கள். என் கையிலும் இருந்தது. கட்டிவிட்டால் அந்தக் கை அம்மனுடையது. பேய் பிசாசு அண்டாது. அப்படியானால் இது அம்மன் போடும் சோறு! இத்தனை நாள் பயந்தேனே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். குப்புவின் கையில் கயிற்றை மாமா கட்டும்போது, முடிச்சு நன்றாக விழ வேண்டுமென்று என் விரலை வைத்து அழுத்திப் பிடித்தவள் நான்தான்.

விஷயம் தெரிந்ததும் அத்தை என் காதைத் திருகிக்கொண்டே கொட்டகைவரை நடந்தாள். உள்ளே போனவர்களை வெளியே விடமாட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அத்தை வேலிக்கு வெளியே நின்று குப்புவின் அம்மாவோடு தணிந்த குரலில் பேசினாள். அத்தைக்குத் தணிந்த குரல் உண்டு என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த அம்மா சொன்னது காதில் விழுந்தது: "நான் வயித்துக்காகப் போறேன்னு ஒத்துகினேன் தாயீ. எம்பொண்ணை மட்டும் நீ வெச்சிக்க. உன் கால்ல வுழறேன்." அத்தை மாமாவிடமும் பேசினாள். மாமா மறுக்கவில்லை. அந்த மெத்தென்ற குரலில், "தாராளமா இட்டுகினு போ தாயீ. ஆனா படகு வர்றதுக்கு முன்னாடி வந்துரு. படகு வந்துட்டா என் கையில ஒண்ணும் இல்ல" என்றார்.

அப்போதே கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். முந்தின நாள்தான் எங்கள் குப்பத்தில் காப்புக் கட்டியிருந்தது. காப்புக் கட்டி எட்டாம் நாள் அவிழ்க்கும்வரை குப்பத்து எல்லைக்குள் வெளியாள் எவரும் இரவு தங்கக்கூடாது. குப்பத்து ஆள் வெளியே இரவு தங்கக்கூடாது. அத்தை அன்றைக்கே ஊர்ப் பெரியவரிடம் கேட்டுப்பார்த்தாள். முடியாது என்று சொல்லிவிட்டார். துறைக்கடையில் குழந்தையைத் தனியாக விட்டால் அதே கொட்டகை ஆட்கள் இன்னொரு தரம் தூக்கிக்கொண்டு போவார்கள். இன்னும் ஆறு நாள். படகு வராமல் இருந்தால் குப்பு எங்கள் வீட்டில் இருப்பாள். கூழ் துழாவக் கற்றுக்கொள்வாள், என் பாயில் படுப்பாள். அத்தை அவளுக்கென்று ஒரு மண்கலயம்கூட வாங்கி வைத்துவிட்டாள்.

படகை ஓட்டுகிறவர்களில் ஒருவர் என் நைனா.

அதில் ரகசியம் ஒன்றுமில்லை. கப்பல்கள் கரைக்கு வராது, தூரத்தில் கடலில் நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்த பெரிய படகுகளில் சரக்கையும் ஆளையும் அலை தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் குப்பத்து ஆண்களின் வேலை. அந்த மாதங்களில் நைனா வீட்டுக்கு வந்தால் நேராக உள்ளே வரமாட்டார். கடலில் இறங்கி மறுபடி குளிப்பார். உள்ளே வந்தாலும் குழந்தையைத் தூக்கமாட்டார். படகில் கிடந்தது என்று ஒருநாள் ஒரு மரப்பாச்சியைக் கொண்டுவந்தார். அம்மா அதைக் கையால் தொடாமல் முறத்தில் வாங்கிக் கொண்டுபோய் ஏரியில் விட்டாள். நான் அழுது புரண்டும் தரவில்லை.

அத்தையும் நைனாவும் அன்று சண்டை போட்டார்கள்.

"நீ துடுப்பு போடலேனா அவங்க எப்பிடிடா போவாங்க?"

"நான் போடலேனா பக்கத்துக் குப்பத்தான் போடுவான்க்கா. பசியில சாவறதுக்கு எங்கியாச்சும் உசிரோட இருக்கட்டுமே."

"இதை அந்தப் பொண்ணு மூஞ்சிக்கு நேரா சொல்லு, பாக்கலாம்."

மறுநாள் படகு வேலை என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். அத்தை சாப்பிடாமல் படுத்தாள். மறுநாள் கடைக்கும் போகவில்லை.

ஆனால் மறுநாள் மத்தியானத்துக்குள்ளேயே நைனா திரும்பிவிட்டார். அவரோடு மற்றப் படகு ஆட்கள் பதினொரு பேரும் வந்தார்கள். எல்லோர் முகமும் வெளுத்திருந்தது. நேராக அம்மன் கோயில் முன்னால் போய் நின்றார்கள். நைனா சொன்னதை நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னாலிருந்து கேட்டேன். படகைத் தண்ணீரில் தள்ளப்போனபோது அடிப்பலகை இடுக்கில் பச்சையாக ஏதோ தெரிந்ததாம். பாசி என்று நினைத்துக் கை வைத்தால் நெல் நாற்று. முந்தின வாரம் பேருக்கு ஒரு தூறல் போட்டதல்லவா, அதில் முளைத்திருக்கிறது. ஒரு சாண் நீளத்துக்கு வரிசையாக.

"படகுல பயிரு மொளைச்சிக் கீதுக்கா. ஓடைக்குப் போயி ஆளை ஏத்தலாம்னு பாத்தா ஒவ்வொருத்தர் கையிலயும் மஞ்சக் கயிறு. சின்னப் பசங்க கையிலயும். நம்ம காப்பு மாதிரியே."

கோயில் முன்னால் எங்கள் முளைப்பாலிகைகள் இருந்தன. காப்புக் கட்டியதும் மண்சட்டிகளில் தானியம் தூவி முளைக்க வைப்பது எங்கள் வழக்கம். திருவிழா முடிவில் அதை ஏரியில் விடுவோம். சட்டியில் முளைக்க வேண்டியது படகில் முளைத்தால், அதற்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். ஊர்ப் பெரியவர் கற்பூரத்தை ஏற்றிவிட்டுச் சொன்னார்: "ஆத்தா படகுல வந்து குந்திட்டா. மஞ்சக் கயிறு கட்டினவங்களைத் தண்ணி தாண்ட வெச்சா ஊரு தாங்காது. காப்பு அவுக்கற வரிக்கும் எவனும் ஏத்தக் கூடாது."

அன்றைக்கு நைனா வீட்டுக்குள் வந்து குழந்தையைத் தூக்கினார். தூக்கி மேலே போட்டுப் பிடித்தார். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு சிரித்தார். அத்தை அவருக்கு முதலில் சோறு வைத்தாள். ஆத்தா வந்து உட்கார்ந்ததற்குப் பயப்படாமல் இவர்கள் ஏன் சந்தோஷப்படுகிறார்கள் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. இப்போது தெரிகிறது, பன்னிரண்டு முரட்டு ஆண்களுக்கு ஒரு வேலையை வேண்டாம் என்று சொல்ல ஒரு சாக்கு கிடைத்திருந்தது. அதை யாரும் மறுக்க முடியாத இடத்திலிருந்து ஆத்தா கொடுத்திருந்தாள்.

இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் அத்தைக்குத் தெரியாமல் கொட்டகைக்குப் போனேன். பாதையில் புதுத் தடமே இல்லை. தூரத்திலிருந்தே ஏதோ சரியில்லை என்று பட்டது. புகை இல்லை. அடுப்பு எரியவில்லை. ஆனால் வேலிக்குள் ஆட்கள் இருந்தார்கள். அத்தனை பேர் மூச்சு விடுவது வெளியே கேட்டது. நான் கிட்டே போனதும் ஓலை இடுக்குகளில் விரல்கள் வெளியே வந்தன. இங்கே ஒன்று, அங்கே இரண்டு, கீழே தரையோரம் சின்ன விரல்கள். மஞ்சள் கயிறுகள் நுனி நுனியாகத் தொங்கின. யாரும் எதுவும் கேட்கவில்லை. தரையோரம் தெரிந்த விரல்களில் ஒன்று என் கால் கட்டைவிரலைத் தொட்டது.

"சோறு போடலடி" என்றது குப்புவின் குரல். "ரெண்டு நாளாச்சி. எங்கம்மா எழுந்துக்க மாட்டேங்குது."

சோத்து மாமா அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நான் நேராகக் கேட்டேன், ஏன் குப்புவுக்குச் சோறு போடவில்லை என்று.

"நான் இன்னா பாப்பா பண்ணுவேன். இருக்கறவங்க போனாத்தானே புதுசா அரிசி வரும். உங்க ஊரு ஆளுங்க படகு எடுக்க மாட்டேன்னு கீறாங்களே. நானும் எத்தினி கெஞ்சிட்டேன். ஏன்னு சொல்லவும் மாட்டேன்றாங்க."

சொல்லாமல் விட்டார்களா! எனக்கு எங்கள் ஊர் ஆண்கள்மேல் கோபமாக வந்தது. பாவம், இத்தனை நல்ல மனுஷரை இப்படித் தவிக்கவிட்டு வேடிக்கை பார்க்கிறார்களே. குப்பு மணலைத் தின்ன ஆரம்பித்துவிடுவாளே. அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது நாலு. மஞ்சள் கயிறு எங்கள் அம்மன் காப்பு என்றேன். படகில் நெல் முளைத்திருப்பதைச் சொன்னேன். அந்த நாற்றைப் பிடுங்கி எறியக்கூடாது, பூசாரியிடம் கொடுத்தால் பாலிகையோடு சேர்த்து ஏரியில் விட்டுவிடுவார், அதோடு தோஷம் போயிற்று என்றேன்.

"அப்போ வேற கயிறு கட்டினா?"

"நீலம் கட்டு மாமா. நீலம் எங்க ஆத்தாளோடது இல்ல. நெசவுத் தெருவுல சாயம் போட்ட நூலு கெடைக்கும். நான் காட்டறேன் வா."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு என் தலையில் கை வைத்தார். அந்தக் கை குளிர்ந்திருந்தது. "நீ ராசாத்தி" என்றார்.

"குப்புக்குச் சோறு போடுவியா?"

"இன்னிக்கே போடறேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மத்தியானம் உப்பளத்துப் பக்கம் புகை எழும்பியதைத் துறையிலிருந்தே பார்த்தேன். எனக்கு அழுகை வரும்போலச் சந்தோஷம்.

காப்புக் கட்டிய ஆறாம் நாள் பெண்கள் கரையில் பொங்கல் வைப்பார்கள். அதனால் அத்தை ஊர்ப்பக்கம் போகவில்லை. முந்தின சாயங்காலம் கொட்டகை ஆள் ஒருவன் எங்கள் குப்பத்துக்கு வந்திருந்தான். படகில் முளைத்த நெல் நாற்றை வெற்றிலைத் தட்டில் வைத்துப் பூசாரியிடம் பணிவாகக் கொடுத்தான். இப்போது யார் கையிலும் மஞ்சள் கயிறு இல்லை, வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றான். ஊர்ப் பெரியவர் நாற்றைத் தொட்டுப் பார்த்தாராம். பிறகு, நீலம் நம்ம கயிறு இல்லைதான் என்றாராம். ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் துடுப்பை எடுத்தார்களாம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. பொங்கல் வேலையில் இருந்த அத்தைக்கும் யாரும் சொல்லவில்லை. நைனா சொல்லவில்லை.

நான் மற்றப் பிள்ளைகளோடு முகத்துவாரத்து முனையில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஏரி கடலில் சேர்கிற இடம் அது. படகுகள் கரையை ஒட்டித்தான் போகும், கல்லை விட்டெறிந்தால் விழும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. படகு ஒரு சத்தமும் இல்லாமல் வந்தது. துடுப்பு போடும்போது எங்கள் ஆட்கள் பாடுவார்கள், அன்று பாடவில்லை. நடுவில் ஆட்கள் நெருக்கிக்கொண்டு குந்தியிருந்தார்கள், தலைகள் மட்டும் தெரிந்தன. அதில் ஒரு தலை சட்டென்று எழும்பியது.

"ஏய்! அரிசிச் சோறு துன்னேண்டி!" என்று குப்பு கத்தினாள். "ரெண்டு வாட்டி துன்னேன்!"

கையைத் தூக்கி ஆட்டினாள். மணிக்கட்டில் நீலக் கயிறு. நானும் என் மஞ்சள் கயிற்றுக் கையைத் தூக்கி ஆட்டினேன். எங்கே போகிறாய் என்று கேட்டேன். காற்று எதிர்த்து அடித்ததில் அவளுக்குக் கேட்கவில்லை. நைனா அந்தப் பக்கத்துத் துடுப்பில் இருந்தார். "நைனா!" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை.

பின்னால் மணலில் யாரோ ஓடிவரும் ஓசை. அத்தை. கையில் அகப்பை அப்படியே இருந்தது. தண்ணீரில் இறங்கி இடுப்பளவுக்குப் போய்விட்டாள்.

"தம்பி! டேய் தம்பி! அந்த ஒரு பொண்ணை மட்டும் எறக்கி வுடுடா! நான் வாங்கிக்கறேன், எறக்கி வுடுடா!"

நைனாவின் துடுப்பு நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும். அவர் முதுகை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மற்றப் பதினொரு துடுப்போடு அதுவும் சேர்ந்து இறங்கியது. படகு அலையில் ஏறி அந்தப் பக்கம் விழுந்தது. அதற்கப்புறம் தலைகள் தெரியவில்லை.

அக்கரைச் சீமைகளில் அவர்களை விற்றார்கள் என்பதும், போனவர்களில் யாரும் திரும்பியதில்லை என்பதும், சோத்து மாமா ஒரு தரகனின் ஆள் என்பதும், ஆள் சதை பிடித்தால்தான் விலை போவான் என்பதால்தான் அந்தச் சோறு என்பதும் எனக்குத் தெரிந்தபோது கல்யாணமாகி, என் வயிற்றில் குழந்தை இருந்தது. என் வீட்டுக்காரர் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னார். நான் எழுந்துபோய் வாசலில் வாந்தி எடுத்தேன். மசக்கை என்று மாமியார் எலுமிச்சம்பழம் கொடுத்தாள்.

ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. குப்பு கப்பலில் எங்கேயோ அரிசி விளைகிற ஊருக்குப் போகிறாள், அவள் அம்மாவும் கூட இருக்கிறாள், வயிறு நிறைந்திருக்கிறது. வருத்தம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. என் பாயில் படுப்பாள் என்று இருந்தேனே. ஆனாலும் பட்டினியாக வேலிக்குள் கிடந்ததற்கு இது எவ்வளவோ மேல் இல்லையா?

பொழுது சாய்வதற்கு முன் அத்தை ஈரப்புடவையோடு வீட்டுக்கு வந்தாள். நைனா இன்னும் வரவில்லை. அம்மா குழந்தையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அத்தை யாரிடமும் இல்லாமல் கேட்டாள்.

"நீலக் கயிறு கட்டலாம்னு அவனுக்கு எப்பிடித் தெரிஞ்சிச்சி? நம்ம ஊரு காப்பைப் பத்தி அந்தப் பாவிக்கு எவன் சொல்லியிருப்பான்?"

"நான்தான் அத்தை சொன்னேன்" என்றேன். "நாத்தைப் பூசாரிகிட்ட குடுக்கச் சொன்னதுகூட நான்தான். இல்லேனா குப்புக்கு இன்னும் சோறே போட்டிருக்க மாட்டாங்க."

அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். என் தலையை அவள் வயிற்றோடு அழுத்திய அழுத்தலில் மூச்சு முட்டியது. "இதை யாருகிட்டயும் சொல்லாதடி" என்றாள். "எப்பவும் சொல்லாத. உங்க நைனாகிட்டகூட."

பன்னிரண்டு ஆண்கள் செய்ய முடியாத காரியத்தை நான் ஒருத்தி செய்துவிட்டேன், ஊரார் கண்ணுபட்டுவிடும் என்றுதான் சொல்ல வேண்டாம் என்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பெருமையாக இருந்தது. அவள் மடியிலேயே தூங்கிப்போனேன்.